மிஷினுக்கும் பாடு வைத்தார்கள்

தஹ்சீன் மிஷினிலிருந்து ஊசியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு தன் வெள்ளைத் துப்பட்டாவின் ஓரத்தில் அதை மெல்ல இழுத்தாள். துணியில் பழுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"பாத்தியாக்கா, துரு. இந்த உப்புக் காத்துல ஊசி தாங்காது. வெள்ளைத் துணி குடுத்தா அவ்ளோதான்."

"தெனம் கழட்டி எண்ணெய் டப்பால போட்டு வெக்கிறேன்," என்றாள் குணசுந்தரி.

"தரை ஓதம் வாங்குது. துணிக் கட்டு எங்க வெப்ப?"

"பெஞ்சு மேல வெக்கிறேன். பிளாஸ்டிக் விரிச்சு வெக்கிறேன்."

"மழை வந்தா ரோடு முழுகிடும். கட்டு எப்படி வரும்?"

"தலைமேல வெச்சுக்கினு வரேன்மா. நீ சரின்னு மட்டும் சொல்லு."

தஹ்சீன் சிரிக்கவில்லை. பழவேற்காட்டுக்காரி அவள். கல்யாணத்துக்கு முன்னால் சென்னைப் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தவள். இப்போது அவள் புருஷன் இர்ஃபான் வண்ணாரப்பேட்டையில் ஒரு மொத்தக் கடையிலிருந்து வெட்டின துணியாகக் கொண்டு வருவான். அவள் அதைத் தெரிந்த பெண்களிடம் தைக்கக் கொடுத்து, அளவு பார்த்துத் திருப்பி அனுப்புவாள். கடைக்காரர் இன்னும் அதிகம் தரத் தயாராக இருந்தார். தைக்கத்தான் ஆள் போதவில்லை. இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து குணசுந்தரி அவள் வாசலில் போய் நின்றுகொண்டே இருந்தாள். அவள் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தஹ்சீன் அவள் ஊரான வடக்குமேட்டுக்குப்பத்துக்குப் படகேறி வந்திருந்தாள், இங்கே தையல் கூடம் ஒன்று நடக்குமா நடக்காதா என்று பார்த்துச் சொல்ல.

கூடம் என்றால் புயல் காலத்தில் ஊர் சனம் போய் ஒதுங்கும் காங்கிரீட் கட்டடம். எப்போதோ நடந்த ஒரு தையல் பயிற்சிக்கு வந்த ஆறு மிஷின்கள் அதற்குள்ளேயே தார்ப்பாய் போர்த்திக் கிடந்தன. பயிற்சி முடிந்த கையோடு சான்றிதழ் கொடுத்து, போட்டோ எடுத்து, எல்லோரும் போய்விட்டார்கள். மிஷின் மட்டும் போகவில்லை.

குணசுந்தரிக்கு ஏன் இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவள் புருஷன் நெஞ்சு வலித்துப் போய்ச் சேர்ந்தவன். ஆண்பிள்ளை இல்லை. ஆர்த்தி என்று ஒரே மகள், பன்னிரண்டாவது முடித்தவள். பழவேற்காடு ஏரியில் எந்த நாளில் எந்த வீட்டுக்காரன் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் ஒரு முறை வைத்திருக்கிறது. அதற்குப் பாடு என்று பெயர். யாருக்கும் கூடுதலில்லை, யாருக்கும் குறைவில்லை, அவரவர் முறை வரும்போது அவரவர் போகலாம். ஆனால் பாடு தலைக்கட்டுக்குத்தான். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். புருஷனோடு குணசுந்தரியின் பாடும் போயிற்று. பிறகு தாயும் மகளும் முழங்கால் தண்ணீரில் தவழ்ந்து கையால் இறால் தடவிப் பிழைத்தார்கள். முகத்துவாரம் மணல் மூடிப்போன பிறகு அந்த இறாலும் அதிகம் வருவதில்லை.

அதனால்தான் ஆர்த்தி, தாயைக் கேட்காமல், எளாவூரில் ஆள் எடுக்க வந்த ஏஜென்டிடம் பெயர் கொடுத்துவிட்டாள். எங்கோ மேற்கே ஒரு பனியன் கம்பெனி. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை. மாசி பிறந்ததும் வேன் வரும்.

"மூணு வருசம்தானேமா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவேன்," என்றாள் ஆர்த்தி.

பக்கத்துக் குப்பத்துக் கீதாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தவள் இருமுகிறாள். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்வதில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். குணசுந்தரி அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று சோறு ஆக்கவில்லை. ஊரிலேயே தையல் வேலை வந்து, தான் ஒரு மிஷினில் உட்கார்ந்துவிட்டால், ஆர்த்தி போக வேண்டாம். அவள் நினைப்பில் வேறு எதுவும் இல்லை.

தஹ்சீன் கடைசியில் சொன்னாள். "நடக்கும்னும் சொல்ல மாட்டேன், நடக்காதுன்னும் சொல்ல மாட்டேன். ஒரு சின்ன லாட் தரேன். நைட்டி. எல்லாம் ஒரே சைஸ், எக்ஸெல். அளவு சரியா வந்துச்சுன்னா கடைக்காரர் மாசா மாசம் தருவாரு. அளவுதான்கா முக்கியம். கைல மீன் வாடை இல்லாம தைங்க."

கதவருகே நின்றிருந்த குப்பத்துக்காரி இருசம்மாள் தன் கையை முகர்ந்து பார்த்தாள். "இது பொறக்கும்போதே வந்த வாடை. சோப்பு போட்டா சோப்புக்கு மீன் வாடை வரும்."

"அப்ப நீ பித்தான் மட்டும் தெய்யி."

"நைட்டில ஏது பித்தான்?"

"அதான் சொல்றேன்," என்றாள் தஹ்சீன். அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

கூடம் ஊருடையது. ஊர் சம்மதிக்காமல் திறக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயில் முன்னால் ஆண்கள் கூடினார்கள். பெண்கள் வழக்கம்போல வலைக் கொட்டகைப் பக்கம் தள்ளி நின்றார்கள். தலைவர் சின்னதம்பி கெட்டவரில்லை, கண்ணுகளா. குணசுந்தரியின் புருஷனோடு ஒரே படகில் போனவர்தான். ஆனால் அவருக்கு ஊர் ரெண்டுபடக் கூடாது.

"ஆறு மிஷின்தான் கீது. இருக்கிற வீடோ எத்தினியோ. யாரு ஒக்காறது? ஒக்காராத வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? வேணாம்மா, இதுல சண்டைதான் வரும்."

கூட்டம் முணுமுணுத்தது. கலையப்போகிறது என்று தெரிந்ததும் குணசுந்தரி கொட்டகையை விட்டு முன்னால் வந்தாள்.

"ஏரில எப்படிப் பண்றோம்? பாடு வெச்சுத்தானே? அப்படியே இதுக்கும் வெச்சுக்கலாம். இன்னிக்கு ஆறு வீடு, நாளைக்கு வேற ஆறு வீடு. எல்லா வீட்டுப் பொம்பளைங்களுக்கும் முறை வரும். ஒருத்தருக்கும் கொறையில்ல."

 "அதான நாயம்," என்றது ஒரு குரல். பாடு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோருக்கும் வயிறு குளிர்ந்துவிட்டது. சின்னதம்பி சாவியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தார். அன்று அவள் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இருசம்மாள் வீடு வீடாகப் போய் முறை வைத்தாள். தஹ்சீன் வந்து தையலை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள்: ஒரு மிஷினில் தோள் சேர்ப்பது, அடுத்ததில் கழுத்துக்குப் பைப்பிங், அடுத்ததில் கை வைப்பது, பிறகு இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பக்கம் அடிப்பது, கீழே மடிப்பது, லேபிள் வைப்பது. துணி ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குப் போக வேண்டும். எல்லாப் பெண்களும் கேட்டுக்கொண்டார்கள். ஆறு பேருக்குச் சொல்ல வேண்டியதை ஊருக்கே சொல்கிறோமே என்று தஹ்சீன் யோசிக்கவில்லை; வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பழவேற்காட்டுக்குப் போய்விட்டாள்.

கூடம் கலகலவென்று இருந்தது. இன்று பக்கம் அடித்தவள் நாளை இறாலுக்குப் போனாள். அவள் இடத்தில் வந்தவள், மிஷின் நூல் இறுக்கமாக ஓடுகிறது என்று திருகைத் தளர்த்தினாள். மறுநாள் வந்தவள் திரும்ப முறுக்கினாள். ஒருத்தி அரை அங்குலம் விட்டுத் தைத்தாள். துணி வீணாகிறதே என்று இன்னொருத்தி கால் அங்குலம் விட்டாள். அவளவள் வீட்டில் கிழிந்ததைத் தைத்த பழக்கம் அவளவள் கையில் இருந்தது. முறை தவறவில்லை. சண்டை வரவில்லை. ஒருநாள் காய்ச்சலில் படுத்தவளுக்கு அவள் முறையைப் பத்திரமாக வைத்திருந்து பிறகு கொடுத்தார்கள். இப்படி ஒற்றுமையாக ஒரு வேலை இந்த ஊரில் நடந்து வெகுகாலம் ஆயிற்று என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். குணசுந்தரி தன் முறை வராத நாளிலும் கூடத்திலேயே கிடந்தாள். ஊசிகளைத் துடைத்தாள், துணிகளை மடித்து அடுக்கினாள். மடிக்கும்போதெல்லாம் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. துணி ஓதத்தில் நெளிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

லாட் முடிந்ததும் தஹ்சீன் வந்து இஞ்சு டேப்பை எடுத்தாள். ஒரு நைட்டியை விரித்து மார்பளவு பார்த்தாள். இன்னொன்று. இன்னொன்று. பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினாள். ஒன்று குழந்தை பெற்றவளுக்கு, ஒன்று குமரிக்கு, ஒன்றின் ஒரு கை முழங்கையோடு நின்றது, மறு கை மணிக்கட்டை எட்டிப் பார்த்தது.

"இது எல்லாத்துலயும் எக்ஸெல்னு லேபிள் ஒட்டிக்கீதேக்கா," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. "பக்கம் யாரு அடிச்சது?"

"எல்லாரும்தான்," என்றாள் குணசுந்தரி.

"எல்லாரும்னா?"

"பாடு வெச்சு. தெனம் ஆறு பேரு."

தஹ்சீன் கையிலிருந்த நைட்டியைக் கீழே போட்டாள். "அக்கா, ஒரு எடத்துல ஒரு ஆளுதான் ஒக்காரணும். அதே ஆளு, அதே மிஷினு, அதே தையலு, தெனம். அப்பதான் அளவு ஒண்ணா வரும். இது இன்னாக்கா, அன்னதானப் பந்தியா?"

"நீ சொல்லலியே."

"இத போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டவள், குணசுந்தரியின் முகத்தைப் பார்த்ததும் தணிந்தாள். "எனக்குத் தோணலக்கா. நெசமா தோணல."

அந்த லாட் முழுசும் கழிவாகப் போயிற்று. தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்கவும் வழியில்லை. அரை அங்குலம் விட்டவர்கள் பிசிறு போக ஓரத்தை வெட்டிவிட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் தஹ்சீன் பேசிப் பார்த்தாள். இன்னொரு சின்ன லாட் மட்டும், இதுவே கடைசி என்றார். ஆறு பேர், மாற்றக் கூடாது, குறைந்தது ஒரு வருஷம் அதே கைகள். இல்லையென்றால் இங்கே தையல் கூடம் நடக்காது. தஹ்சீன் குணசுந்தரியிடம் இதை ஒளிக்காமல் சொன்னாள்.

வேன் வர அதிக நாளில்லை. ஆர்த்தி தன் துணிகளைத் துவைத்துக் காயப்போட ஆரம்பித்திருந்தாள். குணசுந்தரி கொடியிலிருந்து அவற்றை எடுத்து மறுபடி நனைத்துப் போட்டாள். "சோப்பு சரியா போவல," என்றாள்.  ஆர்த்தி நனைந்த துணியைப் பிழிந்து மறுபடி கொடியில் போட்டாள்.

குணசுந்தரி சின்னதம்பி வீட்டுக்குப் போய், கடைக்காரர் சொன்னதைச் சொல்லிக் கைகூப்பாத குறையாக நின்றாள்.  ஆறு வீட்டை அவர் தேர்ந்தெடுத்தால் மற்ற வீடுகள் அவரைச் சும்மா விடாது. கடைசியில், "சீட்டுப் போட்ருவோம். பாடு வெக்க எப்படி எடுப்போமோ அப்படி. வருசத்துக்கு ஒருவாட்டி. சாமி யாருக்குக் குடுக்குதோ அவங்க ஒக்காரட்டும்," என்றார்.

அவளுக்கு அது போதும் என்று தோன்றியது. கழுத்தளவு தண்ணீரில் நிற்பவளுக்குப் பக்கத்தில் மிதப்பதெல்லாம் கட்டைதான்.

வெள்ளிக்கிழமை கோயில் முன்னால் பித்தளைச் சொம்பை வைத்தார்கள். தலைவர் பாடு வரிசையைப் பார்த்துப் பெயர்களைப் படிக்க, ஒவ்வொரு பெயரும் சீட்டாகச் சொம்பில் விழுந்தது. பூசாரி கண்ணை மூடிக் கைவிட்டு எடுத்தார். முதல் சீட்டு முத்துராஜ் பெயருக்கு வந்தது. அவர் இருசம்மாளின் புருஷன்.

"முத்துராஜு வந்து நைட்டி தெச்சுக் குடுப்பாரா?" என்றாள் இருசம்மாள் கொட்டகையிலிருந்து. ஆண்கள் சிரித்தார்கள். முத்துராஜும் சிரித்தார்.

ஆறு சீட்டும் வந்து முடிந்தது. ஆறாவது பெயரைப் படித்த பிறகும் குணசுந்தரி அசையாமல் நின்றாள். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது வேறு ஒன்று. சொம்பில் சீட்டுப் போடும்போது படித்த பெயர்களில் அவள் வீட்டுப் பெயர் வரவேயில்லை. முதலில் தான் கவனிக்கவில்லையோ என்று நினைத்தாள்.

"தலைவரே, எங்க வீட்டுச் சீட்டு?"

சின்னதம்பி தரையைப் பார்த்தார். "பாடு வரிசைல இருக்கிற தலைக்கட்டைத்தான் போட்டோம்மா. ஒன் வீடு அதுல இல்ல. ஒனக்குத் தெரியாததா?"

"மொதல்ல முறை வெச்சப்போ நானும் தெச்சேனே."

"அது பொம்பளைங்க உங்களுக்குள்ள வெச்சுக்கினது. இது ஊர் வெக்கிறது. பாடு வெக்கலாம்னு மொதல்ல கேட்டதே நீதானேம்மா."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.  கையைத் தூக்கினாள், எதற்கென்று தெரியாமல் கீழே போட்டாள். ஆர்த்தி வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "வாம்மா, போலாம்," என்றாள்.

அப்போது இருசம்மாள் கொட்டகையை விட்டு நேராகக் கூட்டத்துக்கு நடுவே, தலைவர் முன்னால் வந்தாள். அந்த இடத்துக்குப் பெண்கள் வருவதில்லை.

"அந்தப் பழவேற்காட்டுப் பொண்ணு வாசல்ல போயி நாய் மாதிரி நின்னது யாரு? நீயா, எம் புருசனா? எஞ் சீட்டத் திரும்பச் சொம்புல போடு, அவளுக்கும் ஒண்ணு போடு."

"ஒன் சீட்டு இல்லம்மே. முத்துராஜு சீட்டு."

"அப்ப அவனையே ஒக்கார வெச்சுத் தெய்யி. நான் வரல."

சீட்டு விழுந்த மற்ற வீட்டுப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜமுனா முதலில், "நானும் வரல," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, அரை மனசாக, மற்றவர்களும். கூட்டத்தில் கூச்சல் எழுந்து அடங்கியது. சின்னதம்பி நெற்றியைத் துடைத்தார். செத்துப்போன தன் சிநேகிதனை நினைத்தாரோ, தைக்க ஆளில்லாமல் போகுமே என்று நினைத்தாரோ, தெரியாது. ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தார்.

"யாரு பேரு எழுதறது? அவன் பேரா?"

"என் பேரு எழுதுங்க," என்றாள் குணசுந்தரி.

குப்பம் உண்டான நாளிலிருந்து அந்தச் சொம்பில் விழுந்த பெண் பெயர் அது ஒன்றுதான். எல்லாச் சீட்டையும் திரும்பப் போட்டுக் குலுக்கினார்கள். பூசாரி ஒவ்வொன்றாக எடுத்தார். ஒன்று. இரண்டு. அவள் ஆர்த்தியின் விரல்களை எலும்பு நோகப் பிடித்திருந்தாள். ஐந்தாவது சீட்டைப் பிரிக்கும்போது அவள் உதடு தானாக அசைந்தது. ஆறாவதைப் படித்துவிட்டுப் பூசாரி சொம்பைக் கவிழ்த்தார்.

குணசுந்தரி பெயர் வரவில்லை. முத்துராஜ் பெயரும் இந்த முறை வரவில்லை.

தஹ்சீன் மறுநாள் வந்து விஷயம் கேட்டுக் கொதித்தாள். "நல்லா தெக்கிற கையே இதுதான். ஒண்ணு பண்றேன், நான் பேசறேன் தலைவர்கிட்ட."

"வேணாம்மா," என்றாள் குணசுந்தரி. "சீட்டுல வராத நான் ஒக்காந்தா, நாளைக்கு எல்லா வீடும் வந்து நிக்கும். மிஷினை ஏரில தூக்கிப் போட்ருவாங்க. ஆறு வீட்டுல ஒலை கொதிக்கட்டும்."

தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும் வேலை இருந்தது. அதை அவளுக்கும் இருசம்மாளுக்கும் தஹ்சீன் கொடுத்தாள். இரண்டு பேருக்கு அது வெற்றிலை பாக்குக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. இருசம்மாள் கத்தரியை எடுத்துக்கொண்டு, "அரசி மாதிரி மிஷின்ல ஒக்காந்திருப்பேன். ஒன்னால கெட்டேன்டி," என்றாள்.

"நான் கேட்டேனா ஒன்ன?"

"கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் நூலை வெட்டினாள்.

மாசி பிறந்த மறுநாள் எளாவூர் சாலையோரத்தில் வேன் நின்றது. ஆந்திர எல்லையில் தடா ஊர்ப் பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. உள்ளே ஏற்கெனவே கூட்டம். ஏஜென்டோடு வந்த பெண் ஒவ்வொருத்தியின் ஆதார் அட்டையையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள். "அது எப்பக் குடுப்பீங்க?" என்று குணசுந்தரி கேட்டாள். "அங்க போயி," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். ஆர்த்தி ஏறி ஜன்னல் பக்கம் இடம் பிடித்தாள். இன்னும் இரண்டு பெண்கள் வர வேண்டும் என்று வேன் புறப்படாமல் அங்கேயே நின்றது.

அது புறப்பட்டிருந்தால் தேவலை. கைக்கு எட்டுகிற தூரத்தில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள், கதவு சாத்தியிருக்கிறது. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. குணசுந்தரி ஜன்னலுக்குக் கீழே நின்று மேலே பார்த்தாள். இறங்கிவா என்று சொன்னால் இறங்கி வந்துவிடுவாள். வந்தால் என்ன கொடுப்பது? 

"பஸ்ஸு போயிடும், நீ கெளம்புமா," என்றாள் ஆர்த்தி.

"போவட்டும். அடுத்தது வரும்."

"தஹ்சீன் அக்கா அன்னிக்கு அளந்தாங்களே, ரெண்டாவது லாட்டு. இன்னா ஆச்சு?"

"கடைக்காரரு எடுத்துக்கினாராம். மாசா மாசம் தரேன்னாராம்."

"எல்லாம் ஒரே அளவு வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒண்ணு கூட மாறலயா?"

"ஒண்ணு கூட மாறல," என்றாள் குணசுந்தரி.

ஆர்த்தி தலையாட்டினாள். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். டிரைவர் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். புழுதி உள்ளே வருகிறதென்று யாரோ சொல்ல, ஆர்த்தி ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினாள்.